பிரேக் பெடல் மெத்தென்று இறங்குகிறதா? எதை மாற்றினால் என்ன கிடைக்கும்

நண்பரின் புதுக் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் தன் பழைய காருக்குத் திரும்புகிறவர் முதலில் சொல்வது, "என் வண்டியில் பிரேக் சரியில்லை" என்பதுதான். வண்டி என்னவோ நிற்கத்தான் செய்கிறது. ஆனால் பெடல் முதலில் கொஞ்ச தூரம் சும்மா இறங்குகிறது, அப்புறம் மெத்தென்று இன்னும் கொஞ்சம், அதற்குப் பிறகுதான் பிடி கிடைக்கிறது. இன்னும் எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பிடிக்கும் என்பது காலுக்குப் பிடிபடுவதில்லை. இதைத்தான் பெடல் ஃபீல் என்கிறார்கள். இதைச் சரிசெய்வதாகச் சொல்லிச் சந்தையில் ஸ்டீல் ஹோஸ், ஸ்போர்ட்ஸ் பேடு, பெரிய மாஸ்டர் சிலிண்டர், பிரேஸ், பெரிய கேலிப்பர் என்று பல பொருட்கள் விற்கின்றன. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் பணமும் மிச்சம், உயிருக்கும் பாதுகாப்பு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெடல் ஃபீல் வேறு, வண்டி நிற்கும் தூரம் வேறு. காய்ந்த தார்ச்சாலையில் ஓங்கி மிதித்தால் உங்கள் காரின் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யத் தொடங்குகிறது என்றால், டயரால் தாங்க முடிந்த அளவுக்குப் பிரேக் ஏற்கெனவே பிடிக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு மிதியில் வண்டி இன்னும் சீக்கிரம் நிற்க வேண்டுமானால் நல்ல டயர்தான் வழி. பிரேக் பாகங்களை மாற்றுவதால் கிடைப்பது கட்டுப்பாடு: காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தொடர்பு தெளிவாவது. அதுவே பெரிய விஷயம்தான். மழையில், மலையிறக்கத்தில், நெரிசலில் பிரேக்கை எவ்வளவு என்று அளந்து மிதிக்க முடிகிற ஓட்டுநர் குறைவாகத் தடுமாறுவார்.

சரி, மிதித்தால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நம் ஊரில் அதிகம் ஓடுகிற வகையையே எடுத்துக்கொள்ளலாம்: முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம், நடுவே ஏபிஎஸ் உள்ள சின்ன ஹேட்ச்பேக்.

பெடல் ஒரு நெம்புகோல். பூஸ்டர் உள்ள கார்களில் அதன் விகிதம் 4-க்கு 1 என்ற அளவில் இருக்கும். பாதம் 4 மி.மீ. இறங்கினால் மறுமுனைத் தண்டு 1 மி.மீ. நகரும், விசை 4 மடங்காகும். அந்தத் தண்டு பூஸ்டருக்குள் போகிறது. பானட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கத் தடுப்புச் சுவரில் கறுப்பாக, வட்டமாக ஒரு தகர டப்பா தெரியும், அதுதான். பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு அது உங்கள் விசையை இன்னும் பல மடங்காக்குகிறது. டீசல் வண்டியில் அந்த வெற்றிடத்துக்கென்று தனி பம்ப் இருக்கும். பூஸ்டருக்கு முன்னால் மாஸ்டர் சிலிண்டர், அதன் தலைமேல் பிரேக் ஆயில் டப்பா. சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்ந்து ஆயிலை அழுத்த, அந்த அழுத்தம் இரும்புக் குழாய் வழியாகவும் சக்கரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் ஹோஸ் வழியாகவும், பேடுகளை அழுத்தி டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பருக்குப் போய்ச் சேர்கிறது.

இரண்டு சிரிஞ்சுகளில் தண்ணீர் நிரப்பி, ஒரு டியூபால் இணைத்து, ஒன்றை அமுக்கினால் மற்றது உடனே வெளியே வரும். பள்ளிக்கூடக் கண்காட்சியில் பலரும் செய்திருப்போம். நடுவே ஒரு காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டால் முதலில் குமிழ் சுருங்கும், அதற்குப் பிறகுதான் மறுமுனை அசையும். பிரேக் பெடல் மெத்தென்று இறங்குவதற்கான காரணம் பெரும்பாலும் இதற்குள்ளேயே இருக்கிறது. எங்கோ ஏதோ ஒன்று சுருங்குகிறது, உப்புகிறது, அல்லது வளைகிறது.

எவ்வளவு சின்ன விஷயம் பெடலில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 20.64 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், இது சின்ன கார்களில் சாதாரணமாகக் காணும் அளவு. அதன் பரப்பு ஏறக்குறைய 335 சதுர மி.மீ. எங்காவது 1 மில்லி காற்று தங்கிவிட்டால், மிதித்ததும் அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் நசுங்கிவிடும். அந்த இடத்தை நிரப்ப மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 3 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும். நெம்புகோல் விகிதப்படி பெடலில் அது 12 மி.மீ. இன்னொரு கணக்கு: முன் கேலிப்பர் பிஸ்டனின் விட்டம் 48 மி.மீ. என்றால், இரண்டு பக்கமும் பிஸ்டன் வழக்கத்தைவிட வெறும் 0.1 மி.மீ. அதிகமாக நகர வேண்டி வந்தாலே பெடல் 4 மி.மீ.-க்கு மேல் இறங்கிவிடும். தாள் அளவு இடைவெளி காலடியில் நாற்பது மடங்குக்கு மேல் பெரிதாகிவிடுகிறது.

அதனால்தான் எந்தப் பாகமும் வாங்குவதற்கு முன் இருப்பதைச் சரிபார்க்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். ஹோஸ் மாற்றியதும் பிரேக் அருமையாகிவிட்டது என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் வேலை செய்தது ஹோஸ் அல்ல. அதை மாற்றும்போது பழைய ஆயில் போய்ப் புது ஆயில் வந்து, உள்ளே இருந்த காற்றும் வெளியேறியதுதான்.

சோதிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நாலைந்து முறை மிதியுங்கள். பூஸ்டரில் சேர்ந்திருந்த வெற்றிடம் தீர்ந்து பெடல் இறுகிவிடும். அப்படியே மிதித்தபடி இன்ஜினைப் போட்டால் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காமல் கல்லாக நின்றால் பூஸ்டரோ அதற்கு வரும் குழாயோ பழுது. இப்படி இறுகியிருப்பதை நல்ல பெடல் ஃபீல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அது ஆபத்து.

அடுத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் மிதித்தபடி இருங்கள். பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால் மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் தேய்ந்து ஆயில் பின்வாங்குகிறது, அல்லது வெளியே எங்கோ கசிகிறது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது. முதல் மிதியில் கீழே போய், அடுத்தடுத்து மிதிக்கும்போது பெடல் மேலே ஏறி வந்தால் இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும்: உள்ளே காற்று, அல்லது பின் டிரம்மில் அதிக இடைவெளி.

இரண்டில் எது என்று பிரித்தறிய மெக்கானிக்குகள் செய்யும் சுலபமான வழி ஒன்று உண்டு. ஹேண்ட்பிரேக்கை இரண்டு மூன்று சொடுக்கு மட்டும் மேலே இழுத்துவிட்டுப் பிறகு பெடலை மிதித்துப் பாருங்கள். பெடல் உடனே உயரத்திலேயே பிடித்தால் குற்றவாளி பின் டிரம். ஹேண்ட்பிரேக் கேபிள், டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்களை டிரம்முக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டதால் இடைவெளி குறைந்துவிட்டது, அவ்வளவுதான். டிரம்முக்குள் தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். தூசியும் துருவும் சேர்ந்து அது மாட்டிக்கொள்வது சாதாரணம். டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து, பல்சக்கரத்தைத் திருப்பி இடைவெளியை சரியான அளவுக்குக் கொண்டுவந்தால், காசு செலவே இல்லாமல் பெடல் உயர்ந்து நிற்கும். பின் டிரம் உள்ள பழைய காரில், என் பார்வையில், எந்த விலையுயர்ந்த பாகமும் இதைவிடப் பெரிய மாற்றம் தராது.

முன் கேலிப்பரில் கவனிக்க வேண்டியது சறுக்கு ஊசிகள், அதாவது ஸ்லைடு பின்கள். நம் கார்களில் உள்ள கேலிப்பர் ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் வைத்து, இந்த ஊசிகளின் மேல் நகர்ந்து மறுபக்கப் பேடையும் இழுத்து அழுத்துகிறது. ஊசி இறுகிப்போனால் கேலிப்பர் நகராமல் வளையும், பேடு சாய்வாகத் தேயும், பெடல் மெத்தென்றாகும். இதற்கு சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். கையில் கிடைத்த சாதா கிரீஸைத் தடவினால் பிரேக் ரப்பர்கள் ஊதிவிடும். பெட்ரோலிய எண்ணெயைத் தாங்குவதற்காக அந்த ரப்பர் செய்யப்படவில்லை.

இதெல்லாம் முடிந்தபின் ஆயில். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெய் இல்லை, கிளைகால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது அதன் குணம். டப்பாவில் போட்டிருக்கும் டாட் எண் அதன் தர வகை. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 140 டிகிரி. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் கேலிப்பரின் சூடு இந்த எல்லையை எட்டக்கூடும். ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும், பெடல் தரை தொடும். ஆயில் ஆறியதும் குமிழ் மறைந்து எல்லாம் சரியானதுபோலத் தெரியும், அடுத்த இறக்கத்தில் மறுபடி காட்டும். இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குவதுதான் முதல் மருந்து. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது இரண்டாவது.

இங்கே ஒரு குழப்பம் பலருக்கு வருகிறது. டாட் 5-உம் டாட் 5.1-உம் ஒன்றல்ல. டாட் 5 சிலிக்கான் திரவம். அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. நுண்ணிய காற்றைப் பிடித்துவைத்துக்கொள்வதால் பெடலையும் மெத்தென்றாக்கும். ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு அது வேண்டாம். நல்ல டாட் 4 போதும். இன்னொன்று: விலை உயர்ந்த ரேஸிங் ஆயில் ஊற்றினால் அன்றாட ஓட்டத்தில் பெடல் இறுகிவிடாது. கொதிநிலை உயர்வது சூட்டில்தான் பயன்படும். புதிய சாதா டாட் 4-க்கும் அதற்கும் ஆறிய நிலையில் காலுக்கு வித்தியாசம் தெரியாது.

ஏர் எடுக்கும்போது, அதாவது ஆயிலில் மாட்டிய காற்றை வெளியேற்றும்போது, எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் பார்ப்பதே சரி. ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் ஸ்கேனர் கருவியை மாட்டி அதன் வால்வுகளை இயக்கித்தான் வெளியேற்ற முடியும். இரண்டு பேர் சேர்ந்து மிதித்து, திறந்து, மூடி எடுக்கும் வழக்கமான முறை அங்கே பலிக்காது.

இப்போது வெளிச்சந்தைப் பாகங்களுக்கு வருவோம். ஆஃப்டர்மார்க்கெட் என்றாலே ரேஸ் சாமான் என்றோ மட்டம் என்றோ நினைக்க வேண்டியதில்லை. கார் கம்பெனியின் பெட்டியில் வராமல் நேரடியாக விற்கும் எதுவும் ஆஃப்டர்மார்க்கெட்தான். லூகாஸ் நிறுவனத்தோடு கூட்டாக 1962-இல் தொடங்கப்பட்டு சென்னை பாடியிலிருந்து இயங்கும் பிரேக்ஸ் இந்தியா, கார் கம்பெனிகளுக்கும் பிரேக் கொடுக்கிறது, டிவிஎஸ் கிர்லிங் என்ற பெயரில் கடைகளிலும் விற்கிறது. ஆகவே பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் மாற்றுப் பாகம் பெரும்பாலும் நம்பகமானது. பயப்பட வேண்டியது போலிகளுக்கு. பில் தராத கடையில் பிரேக் சாமான் வாங்காதீர்கள்.

ஸ்டீல் பின்னல் ஹோஸில் தொடங்கலாம். ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் மிக லேசாக உப்பும், வயதாக ஆக இன்னும் உப்பும். இதற்குப் பதிலாக உள்ளே டெஃப்லான் குழாயும் வெளியே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிப் பின்னலும் உள்ள ஹோஸ் போட்டால் உப்புவது வெகுவாகக் குறையும். பத்து வயதான காரில் வித்தியாசம் நன்றாகத் தெரியும், புதுக் காரில் தேடினால்தான் தெரியும். பொருத்துவதில்தான் கவனம் வேண்டும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, சக்கரத்தை ஏற்றி இறக்கிப் பார்த்து, ஹோஸ் எங்கும் இழுபடவோ உரசவோ இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஸ்டீல் பின்னல் எதில் உரசினாலும் ரம்பமாக அறுத்துவிடும், அதனால் மேலே பிளாஸ்டிக் உறை உள்ளதாக வாங்குங்கள். ஹோஸை இணைக்கும் போல்ட்டில் பழைய செம்பு வாஷரையே திரும்பப் போடக் கூடாது.

பேடு மாற்றினால் வருவது வேறு வகை மாற்றம். ஹோஸ் பெடலின் தூரத்தைக் குறைக்கிறது, பேடு அதே மிதிக்குக் கிடைக்கும் பிடியைக் கூட்டுகிறது. பல பேடுகளின் ஓரத்தில், கம்பெனிப் பெயருக்கும் எண்ணுக்கும் பின்னால், இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருக்கும்: ஈஈ, எஃப்எஃப், ஜிஜி என்கிற மாதிரி. முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உள்ள உராய்வு அளவு, இரண்டாவது அதிகச் சூட்டில் உள்ளது. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. அன்றாட ஓட்டத்துக்கு எஃப்எஃப் நிம்மதியான தேர்வு. பந்தயப் பேடு சூடேறினால்தான் பிடிக்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் சில சுற்றுகளுக்குப் பின் அபாரமாக இருப்பது, அதிகாலையில் வீட்டுத் தெருமுனையில் முதல் மிதிக்குப் பிடிக்காது. தெருவில் ஓட்டும் வண்டிக்கு அதை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன்.

புதுப் பேடு போட்டதும் அதைப் பதப்படுத்த வேண்டும். ஆளில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை மிதமாகக் குறைப்பது, நிறுத்தாமல் திரும்ப வேகமெடுப்பது, இப்படி எட்டு பத்து முறை. பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். பேடின் மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் பதிந்தால்தான் பிடி சீராக வரும். டிஸ்க்கும் நேராகச் சுழல வேண்டும். அது தள்ளாடினால் ஒவ்வொரு சுற்றிலும் பேடைப் பின்னுக்குத் தள்ளி, அடுத்த மிதியில் பெடலைக் கீழே இறக்கும். வீல் பேரிங் ஆடினாலும் அதே கதைதான். துளையிட்ட டிஸ்க் அழகுக்கு சரி, பெடல் ஃபீலுக்கு அதனால் பயனில்லை.

சில ஐரோப்பிய கார்களுக்கு சறுக்கு ஊசிகளின் ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாகப் பித்தளை புஷ் கிடைக்கிறது. கேலிப்பர் சாயாமல் நேராக நகர்வதால் முதல் பிடி கூர்மையாகும். அடிக்கடி சுத்தம் செய்து கிரீஸ் போடும் பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும் இது சரிப்படும். நம் மழைக்காலச் சேற்றில் கவனிக்காமல் விட்டால் சத்தம் போடும், இறுகிவிடும்.

மாஸ்டர் சிலிண்டர் பிரேஸ் என்பது பலரும் கேள்விப்படாத பாகம். பானட்டைத் திறந்துவைத்து, இன்ஜின் ஓட, ஒருவரை பிரேக்கை பலமாக மிதிக்கச் சொல்லிவிட்டு மாஸ்டர் சிலிண்டரின் நுனியைப் பாருங்கள். தகடு மெல்லிய கார்களில் அது முன்னே நகர்வது கண்ணுக்கே தெரியும். பூஸ்டர் மாட்டியிருக்கும் தடுப்புச் சுவர் வளைகிறது. 1 மி.மீ. வளைந்தால் பெடலில் 4 மி.மீ. வீண். சஸ்பென்ஷன் கோபுரத்திலிருந்து ஒரு இரும்புத் தாங்கி வந்து, அதன் போல்ட் முனை மாஸ்டர் சிலிண்டரின் நுனியைத் தொட்டு நிற்பதுதான் பிரேஸ். ஆயில் தொடர்பு இல்லை, ஏர் எடுக்க வேண்டாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். போல்ட் தொட்டால் போதும், அழுத்தி முறுக்கக் கூடாது. உங்கள் வண்டிக்கென்றே செய்தது கிடைத்தால் மட்டும் வாங்குங்கள், பட்டறையில் வெல்டிங் அடித்துச் செய்து மாட்ட வேண்டாம்.

பெரிய மாஸ்டர் சிலிண்டரில்தான் ஆரம்பக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 20.64 மி.மீ.-க்குப் பதில் 22.22 மி.மீ. போட்டால் பரப்பு 16 சதவீதம் கூடுகிறது. அதே அளவு ஆயிலைத் தள்ள பெடல் 14 சதவீதம் குறைவாக இறங்கினால் போதும். உயரமான, உறுதியான பெடல் கிடைக்கும். ஆனால் அதே அழுத்தம் வர 16 சதவீதம் அதிகமாக மிதிக்க வேண்டும். தொட்டுப் பார்க்கையில் பிரேக் பலமாகிவிட்டதுபோல இருக்கும், நிஜத்தில் அதே மிதிக்குப் பிடி குறைந்திருக்கும். அவசரத்தில் முழுப் பலத்தோடு மிதிக்க முடியாத ஒருவரும் வீட்டில் அதே வண்டியை ஓட்டுகிறார் என்றால் இதைச் செய்யாதீர்கள்.

பெரிய கேலிப்பர் இதற்கு நேர்மாறு. 48 மி.மீ. ஒற்றைப் பிஸ்டனுக்குப் பதில், பக்கத்துக்கு இரண்டாக 38 மி.மீ. பிஸ்டன் நான்கு உள்ள கேலிப்பர் போட்டால், ஒரு பக்கத்தின் பரப்பு கால் பங்கு கூடுகிறது. அதிக ஆயில் வேண்டும், எனவே பெடல் முன்பைவிடக் கீழே போகும். லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டுப் பெடல் மெத்தென்று ஆகிவிட்டதே என்று வருந்துவது இதனால்தான். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பிரேக் பங்கீடும் மாறும், ஏபிஎஸ் மென்பொருள் பழைய அளவுகளை வைத்தே கணக்குப் போடும். டிராக்கில் தொடர்ந்து ஓட்டுபவருக்குச் சூட்டைத் தாங்க இது தேவைப்படலாம். அலுவலகம் போய்வரும் வண்டிக்குத் தேவையில்லை. பிரேக் அமைப்பையே மாற்றினால் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் குறுக்கே வரும்.

பெடலின் மேல் மாட்டும் அலுமினிய உறைகளைத் தவிர்த்துவிடுங்கள். பாதி வழியில் கழன்றாலோ, மழையில் செருப்புக் கால் வழுக்கினாலோ என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

ஹைபிரிட், மின்சார கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்து எதையும் வாங்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் காலுக்குத் தெரியும் அழுத்தத்தை ஒரு ஸ்பிரிங் அமைப்பே உருவாக்குகிறது, பிரேக்கின் பெரும்பங்கை மோட்டாரே செய்கிறது. ஹோஸ் மாற்றினாலும் பெடலில் பெரிதாக ஒன்றும் மாறாது.

எதை மாற்றினாலும் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எதனால் என்ன மாறியது என்று தெரியாது. வேலை முடிந்ததும் சாலைக்கு எடுப்பதற்கு முன், நின்ற இடத்திலேயே இன்ஜினைப் போட்டு பலமாக மிதித்து அரை நிமிடம் பிடியுங்கள். அப்போது இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைத் துணியை ஒற்றி ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயின்ட்டில் ஆயில் பட்டிருந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், பெயின்ட்டை அரித்துவிடும். பிறகு காலி இடத்தில் நடை வேகத்தில் சில முறை, அடுத்து 30 கி.மீ. வேகத்தில் சில முறை நிறுத்திப் பாருங்கள். மறுநாள் காலையில் ஆயில் மட்டத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை துணியை ஒற்றிப் பார்த்தபிறகு நெடுஞ்சாலைக்கு எடுக்கலாம்.